யாழ்ப்பாண வரலாற்றில் இன்று: ஒரு நாளின் குறிப்பைத் தொகுக்கும் முறை

சனசமூக நிலையத்தின் அறிவித்தற் பலகைக்கோ, பாடசாலையின் காலைக் கூட்டத்துக்கோ, ஊர்ச் சங்கம் வெளியிடும் நாட்காட்டிக்கோ "யாழ்ப்பாண வரலாற்றில் இன்று" என்ற தலைப்பில் நாள்தோறும் சில வரிகள் எழுத விரும்புவோருக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. வேலை சிறியதாகத் தோன்றும். ஆனால் எங்கள் ஊரில் அந்த வரிகளை வாசிப்பவர்களிடையே அந்த நிகழ்விலேயே உறவை இழந்தவர் ஒருவர் இருக்கக்கூடும். அதே வரிகளைக் கட்டுரைக்காகப் பார்த்தெழுதும் மாணவர் ஒருவரும் இருக்கக்கூடும். பிழையான திகதி முதலாமவரின் மனத்தை நோகச்செய்யும். இரண்டாமவருக்கோ அதுவே வாழ்நாள் முழுவதும் உண்மையாகிவிடும். ஆகவே ஒரு நிகழ்வு முக்கியமானதா என்று கேட்பதற்கு முன்னர், அது அந்த நாளில்தான் நடந்ததா என்று கேட்டுப் பழக வேண்டும்.

முதலில் எல்லையை வகுத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணம் என்ற பெயர் எல்லாக் காலத்திலும் ஒரே நிலப்பரப்பைக் குறிக்கவில்லை. நல்லூரைத் தலைநகராகக் கொண்டிருந்த யாழ்ப்பாண அரசு 1619இல் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தபோது அதன் ஆட்சிப்பரப்பு குடாநாட்டோடு முடிந்துவிடவில்லை; கிளிநொச்சியோ 1984இல் தனி மாவட்டமாகும் வரை யாழ்ப்பாண மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. நிகழ்வு நடந்த காலத்து எல்லையைப் பின்பற்றுவதே நேர்மையானது என்பது என் கருத்து. அப்படியானால் இன்று கிளிநொச்சி மாவட்டத்தில் உள்ள பூநகரியில் 1950இல் நடந்தது உங்கள் குறிப்பில் இடம்பெறும். இன்று அங்கே நடப்பது இடம்பெறாது. மனிதர்களைப் பொறுத்தவரை பிறந்த இடத்தைவிட வாழ்ந்து செயற்பட்ட இடத்தைக் கருதுங்கள். 1898 மார்ச் 31ஆம் திகதி மலாயாவின் ஈப்போவில் பிறந்தார் என்பதற்காக, தமிழ் அரசியல் தலைவர் தந்தை செல்வாவை (சா. ஜே. வே. செல்வநாயகம்) யாராலும் யாழ்ப்பாண வரலாற்றிலிருந்து விலக்கிவைக்க முடியாது.

அடுத்து, ஒரு தடித்த கொப்பியை எடுத்து 366 பக்கங்களை ஒதுக்குங்கள்; பெப்ரவரி 29ஐ மறந்துவிட வேண்டாம். கணினியில் அட்டவணையாக வைத்திருப்பதும் நல்லதே, ஆனால் பலர் வந்துபோகும் நிலையமொன்றில் எல்லோரும் திறந்து பார்க்கவும் ஓரத்தில் குறிப்பெழுதவும் கூடிய கொப்பியே நெடுங்காலம் பயன்படும். ஒவ்வொரு பதிவுக்கும் ஆண்டு, திகதி, கிழமை, இடம், நிகழ்வு ஆகியவற்றோடு, அதை எங்கே வாசித்தீர்கள் அல்லது யாரிடம் கேட்டீர்கள் என்பதையும், அதை உறுதிசெய்யும் இரண்டாவது ஆதாரத்தையும் எழுதுங்கள். இரண்டாவது ஆதாரம் கிடைக்காத பதிவு கொப்பியில் பென்சிலில் இருக்கட்டும். பலகைக்குப் போக வேண்டாம். ஒரே பிழையைப் பத்துப் பேர் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருந்தால் அது பத்து ஆதாரமாகாது என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

திகதியைச் சோதிப்பதுதான் இந்த வேலையின் உயிர். எங்கள் வீடுகளில் இரண்டு நாட்காட்டிகள் ஒன்றோடொன்று கலந்து புழங்குகின்றன. பஞ்சாங்கத்தின்படி தை மாதம் பொங்கலன்று பிறக்கிறது; எங்கள் வழக்கிலோ ஜனவரி மாதத்தையே தை என்றும் ஜூலையையே ஆடி என்றும் எழுதுவது உண்டு. பழைய மலரொன்றில் "தை 10" என்று கண்டால், அது ஜனவரி 10ஆம் திகதியா, அல்லது ஜனவரி 23 அளவில் வரும் பஞ்சாங்கத் தை பத்தா என்பதை அந்த ஒரு சொற்றொடரை வைத்துத் தீர்மானிக்க முடியாது. அத்தகைய இடங்களில் கிழமையைத் தேடுங்கள். கிழமை தரப்பட்டிருந்தால் கைத்தொலைபேசியில் உள்ள நாட்காட்டியைப் பின்னோக்கித் தள்ளிப் பார்த்து, இரண்டு திகதிகளில் எது அந்தக் கிழமையோடு பொருந்துகிறது என்று கண்டுகொள்ளலாம். ஆறுமுக நாவலர் மறைந்த நாள் 1879 டிசெம்பர் 5 என்று நூல்கள் தருகின்றன. அது வெள்ளிக்கிழமை என்ற செய்தியும் உடன் வருகிறது. நாட்காட்டியிலும் அந்த நாள் வெள்ளியாகவே விழுகிறது. இப்படி இரண்டும் பொருந்தும்போது பதிவை மையில் எழுதலாம்.

தமிழ் ஆண்டுப் பெயர்கள் 60 ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பி வருவன. நாவலர் மறைந்தது பிரமாதி ஆண்டில். ஆனால் 1939இலும் 1999இலும் கூடப் பிரமாதி பிறந்தது. ஆண்டின் பெயர் மட்டும் இருக்கும் ஆவணத்தில், அதில் வரும் மனிதர்கள், அச்சகம், நாணயம், பதவிப் பெயர்கள் முதலியவற்றைக் கொண்டு எந்தச் சுற்று என்பதை முதலில் நிறுவ வேண்டும். இன்னொன்று, பஞ்சாங்க மாதங்கள் ஆங்கிலத் திகதியிலிருந்து மெல்ல நகர்ந்துகொண்டிருக்கின்றன. நாவலர் பிறந்த சித்திரபானு ஆண்டு மார்கழி 5, 1822 டிசெம்பர் 18ஆக இருந்தது. இன்று மார்கழி 5 டிசெம்பர் 20 அளவில் வருகிறது. இன்றைய நாட்காட்டியை வைத்து 200 ஆண்டுகளுக்கு முந்திய திகதியை மாற்றிக் கணக்கிட்டால் இரண்டு நாள் தவறும். நட்சத்திரத்தையும் திதியையும் கொண்டு கொண்டாடப்படும் நாள்கள் ஆண்டுதோறும் இடம்மாறுவதால் அவற்றுக்குத் தனிப்பகுதி வைத்துவிடுங்கள். நாவலர் குருபூசை கார்த்திகை மகத்திலும், யோகர் சுவாமிகள் குருபூசை பங்குனி ஆயிலியத்திலும் வருவன. அவற்றை நிலையான திகதிப் பக்கத்தில் எழுதினால் அடுத்த ஆண்டே பிழையாகிவிடும். வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் சில வேளைகளில் வேறுபடும் என்பது எங்கள் ஊரில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எந்தப் பஞ்சாங்கத்தைப் பார்த்தீர்கள் என்று எழுதிவைத்தால் போதும்.

இரவில் நடந்த நிகழ்வுகளில் மிகுந்த கவனம் தேவை. யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்ட நாளைச் சிலர் மே 31 என்றும் சிலர் ஜூன் 1 என்றும் எழுதுகின்றனர். இரண்டு தரப்பும் ஒரே இரவைத்தான் குறிக்கின்றன. 1981 மே 31 ஞாயிற்றுக்கிழமை. மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலுக்கு நான்கு நாள்களே இருந்தன. அன்று நடந்த கூட்டமொன்றில் பொலிசார் சுடப்பட்டதன் பின்னர் நகரில் தொடங்கிய எரிப்பு அந்த இரவு முழுவதும் நீண்டது. இத்தகைய நிகழ்வை இரண்டு பக்கங்களிலும் பிரித்தெழுதாமல், "மே 31 இரவு தொடங்கி ஜூன் 1" என்று ஒரே பதிவாக எழுதி, மற்றப் பக்கத்தில் அதைப் பார்க்கும்படி ஒரு குறிப்பு இடுங்கள். பஞ்சாங்க முறையில் நாள் சூரிய உதயத்தில் தொடங்குவதால், அதிகாலை மூன்று மணிக்கு நடந்த இறப்பு பழைய ஆவணங்களில் முதல் நாளின் கணக்கில் எழுதப்பட்டிருக்கலாம் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

மக்கள் திகதியை விட்டுவிட்டுப் பண்டிகையால் நினைவுவைத்திருக்கும் நாள்களும் உண்டு. யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் இந்தியப் படையினரால் நோயாளரும் மருத்துவர்களும் தாதியரும் கொல்லப்பட்டதைப் பலரும் "தீபாவளியன்று" என்றே சொல்வார்கள். அது 1987 ஒக்டோபர் 21. தீபாவளி ஒவ்வோர் ஆண்டும் வெவ்வேறு திகதியில் வருவதால், முதியவர் ஒருவர் நினைவிலிருந்து சொல்லும்போது பண்டிகையையும் ஆண்டையும் அவர் சொன்னபடியே குறித்துக்கொண்டு, திகதியைப் பின்னர் நீங்களே நாட்காட்டியில் தேடுங்கள். திகதியைச் சொல்லும்படி அவரை வற்புறுத்தினால், உங்களைத் திருப்திப்படுத்துவதற்காக ஒரு திகதியைச் சொல்லிவிடுவார். அதனால் நல்ல சாட்சியமொன்று கெட்டுப்போகும்.

நிறுவனங்களின் தொடக்க நாள் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்வோம். இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகமாக அது 1974 ஓகஸ்ட் 1இல் நிறுவப்பட்டது. முறையான தொடக்க விழா அந்த ஆண்டு ஒக்டோபர் 6இல் நடைபெற்றது. தனிப் பல்கலைக்கழகமானது 1979 ஜனவரி 1இல். மூன்று திகதிகளும் சரியானவை, ஆனால் எதைப் பற்றிய திகதி என்று சொல்லாமல் "பல்கலைக்கழகம் தொடங்கப்பட்ட நாள்" என்று எழுதினால் மூன்றும் பிழையாகிவிடும். புகையிரதத்திலும் இதே நிலைதான்: யாழ்தேவி முதன்முதலில் ஓடியது 1956 ஏப்ரல் 23, போரினால் நின்ற சேவை யாழ்ப்பாண நிலையத்துக்குத் திரும்பியது 2014 ஒக்டோபர் 13, காங்கேசன்துறை வரை நீண்டது 2015 ஜனவரி 2.

அந்நியர் ஆட்சிக்காலத் திகதிகளில் நாட்காட்டி மாற்றத்தைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் யாழ்ப்பாணத்தை ஆண்ட காலத்தில் இன்றுள்ள கிரெகோரியன் முறையையே பயன்படுத்தினர். 1795 செப்டெம்பர் 28இல் கோட்டையைக் கைப்பற்றிய ஆங்கிலேயரும் அதற்குள் அந்த முறைக்கு மாறிவிட்டிருந்தனர். எனினும் 1658 ஜூனில் போர்த்துக்கேயர் ஒல்லாந்தரிடம் கோட்டையை ஒப்படைத்ததைப் பற்றிய நூல்கள் சில நாள் வேறுபாட்டோடு திகதி தருகின்றன. முற்றுகையொன்று முடியும்போது உடன்படிக்கை ஒரு நாளிலும் கோட்டையை விட்டு வெளியேறுதல் இன்னொரு நாளிலும் நடக்கும். இத்தகைய நிகழ்வை மாதப் பக்கத்தில் "1658 ஜூன்" என்று எழுதுவதே போதும். தெரியாத துல்லியத்தை நாமாக உண்டாக்கக் கூடாது.

ஆதாரங்களைத் தேடும் இடங்களைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். 1841 ஜனவரி 7இல் வெளிவரத் தொடங்கிய உதயதாரகை முதல், 1889இல் தொடங்கிய இந்து சாதனம் வரை, யாழ்ப்பாணத்தில் 19ஆம் நூற்றாண்டிலேயே செய்தித்தாள்கள் இருந்தன. இவற்றில் கிடைக்கும் இதழ்களையும் பிற்காலப் பத்திரிகைகளையும் நூலகம் நிறுவனத்தின் இணையச் சேகரிப்பிலும், பொது நூலகத்திலும், பல்கலைக்கழக நூலகத்திலும் தேடலாம். செய்தித்தாளைக் கையாளும்போது ஒரு விதியைக் கடைப்பிடியுங்கள்: இதழின் திகதி நிகழ்வின் திகதி ஆகாது. நாளிதழானால் நிகழ்வு பெரும்பாலும் முதல் நாளுக்குரியது. கிழமை இதழானால் ஏழு நாள் வரை பின்னோக்கிப் பார்க்க வேண்டும். காந்தியடிகள் 1927 நவம்பர் 26இல் யாழ்ப்பாணம் வந்தார். அவர் தங்கிய நாள்களின் பேச்சுகள் பின்னர் வந்த இதழ்களில்தான் அச்சேறின. பதவியேற்பு, சபைகளின் தொடக்கம், எல்லை மாற்றம் முதலிய நிருவாக விடயங்களுக்கு வர்த்தமானியே இறுதிச் சான்று.

ஆனால் எங்களிடம் உள்ள ஒப்பற்ற ஆதாரம், இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியையின்போது வெளியிடப்படும் நினைவு மலராகிய கல்வெட்டு. எந்த வீட்டு அலுமாரியைத் திறந்தாலும் பத்து இருபது கல்வெட்டுகள் இருக்கும். படத்துக்கு அடுத்த பக்கத்தில் திதி வெண்பா இருக்கும். அந்த நான்கு அடிகளுக்குள் ஆண்டின் பெயர், மாதம், பூர்வபக்கமா (வளர்பிறை) அபரபக்கமா (தேய்பிறை) என்பது, திதி ஆகிய அனைத்தும் அடங்கியிருக்கும். முதற் பக்கத்தில் தோற்றமும் மறைவும் ஆங்கிலத் திகதியில் இருப்பதால், ஒன்றை மற்றொன்றைக் கொண்டு சோதிக்க முடிகிறது. திகதியில் உள்ள 3ஐயும் 8ஐயும் அச்சுக்கோப்பவர் மாற்றிவிட்டிருந்தாலும் வெண்பாவின் திதி பெரும்பாலும் சரியாக இருக்கும், ஏனெனில் ஆண்டுத் திவசத்தைச் செய்வதற்குக் குடும்பத்தினர் அதையே நம்பியிருக்கிறார்கள். ஊர்ப் பள்ளிக்கூடத்தை யார் எப்போது கட்டினார், சங்கக்கடை எந்த ஆண்டில் தொடங்கியது, கிணறு வெட்டியவர் யார் என்பன வேறெங்கும் பதிவாகாமல் கல்வெட்டின் வாழ்க்கைக் குறிப்பில் மட்டும் கிடைக்கும். குடும்பத்தின் அனுமதியைக் கேட்டு எடுங்கள். தனிப்பட்டவர்களின் பெயர்களைப் பலகையில் இடுவதற்கு முன் மீண்டும் ஒருமுறை கேளுங்கள்.

எண்ணிக்கைகள் திகதியைவிடச் சிக்கலானவை. 1974 ஜனவரி 10இல் நான்காவது அனைத்துலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நாள் கூட்டம் வீரசிங்கம் மண்டபத்தின் முன் நடைபெற்றபோது, பொலிசாரின் நடவடிக்கையின் விளைவாக மின்கம்பி அறுந்து விழுந்து மக்கள் உயிரிழந்தனர். உயிரிழந்தோர் 9 பேர் என்றும் 11 பேர் என்றும் எழுதப்படுவதைக் காணலாம். ஒன்றைத் தெரிந்து மற்றதை மறைக்காமல் இரண்டையும் எழுதுங்கள். பொது நூலகத்தில் அழிந்த நூல்கள் 97,000 என்பதே பெரிதும் வழங்கும் எண். அதை எழுதும்போது ஓலைச்சுவடிகளையும் விடாமல் குறிப்பிடுங்கள், ஏனெனில் அச்சிட்ட நூலுக்கு வேறெங்காவது இன்னொரு படி இருந்திருக்கலாம், சுவடிக்கு இருந்திருக்காது.

இனி ஒரு நாளை முழுமையாகத் தொகுத்துக் காட்டுகிறேன். ஒக்டோபர் 30ஐத் தெரிவதற்குக் காரணம், யாழ்ப்பாண நாட்காட்டியில் இதைவிடக் கனத்த பக்கம் வேறில்லை என்பதுதான்.

1995 ஒக்டோபர் 30, திங்கட்கிழமை. அந்த மாதம் 17ஆம் திகதி தொடங்கிய சூரியக்கதிர் இராணுவ நடவடிக்கை நகரை நெருங்கிய நிலையில், வலிகாமத்து மக்கள் ஓரிரவில் இடம்பெயர்ந்தனர். வெளியேறும்படி விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தனர். செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் கடந்து தென்மராட்சியை நோக்கி லட்சக்கணக்கானோர் மழையில் நடந்தனர். இந்தப் பதிவுக்கு ஆதாரம் தேடுவது எளிது, ஏனெனில் அந்த வீதியில் நடந்தவர்கள் இன்றும் எங்கள் ஒவ்வொரு ஒழுங்கையிலும் வாழ்கிறார்கள்.

அதே பக்கத்தில், ஐந்து ஆண்டுகளுக்கு முன்னைய பதிவு ஒன்று இருக்க வேண்டும். 1990 ஒக்டோபர் 30, செவ்வாய்க்கிழமை. யாழ்ப்பாண நகரின் முஸ்லிம் மக்களை ஒஸ்மானியாக் கல்லூரியின் ஜின்னா மைதானத்தில் கூடும்படி அழைத்த விடுதலைப் புலிகள், இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறும்படி கட்டளையிட்டனர். அந்த மாதத்தில் வட மாகாணம் முழுவதிலுமிருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். முதற் பதிவை எழுதி இரண்டாவதை விட்டுவிடும் தொகுப்புகள் உண்டு. நாங்கள் நடந்த பாதையை நினைவுகூர்ந்துகொண்டு, எங்கள் நகரிலிருந்து எங்கள் அயலவர்கள் அனுப்பப்பட்டதை மறப்பது வரலாறு எழுதுவதாகாது. இரண்டையும் ஒரே அளவு எழுத்தில், காலவரிசைப்படி 1990ஐ முதலிலும் 1995ஐ அடுத்தும் வைத்து எழுதுங்கள். நகரின் முஸ்லிம் குடியிருப்பாகிய சோனகதெருவில் திரும்பி வந்து குடியிருப்பவர்களிடம் அந்த வரிகளைக் காட்டி, நிகழ்ந்தது நிகழ்ந்தபடி இருக்கிறதா என்று கேட்டபின் பலகையில் இடுங்கள். அவ்வாறு கேட்பது வேலையை இரண்டு நாள் தாமதிக்கச் செய்யலாம். ஆகவே குறிப்பை ஒரு வாரத்துக்கு முன்னரே தயாரித்துவிட வேண்டும்.

வாக்கியத்தை அமைக்கும்போது, செய்தவர் யார் என்பது நிறுவப்பட்டிருந்தால் அவரையே எழுவாயாக வையுங்கள். பட்டப்பெயர்கள், வசை, புகழ்மொழி ஆகியவற்றை நீக்குங்கள். 1989 செப்டெம்பர் 21இல் மருத்துவ விரிவுரையாளரும் மனித உரிமைச் செயற்பாட்டாளருமான ராஜினி திராணகம யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார் என்ற வரிக்கு அடைமொழி தேவையில்லை. அந்தப் பெண் என்ன பணி செய்தார் என்று சொல்வதே போதும். அதே செப்டெம்பர் 21 தான் 2013இல் வட மாகாண சபைக்கான முதலாவது தேர்தல் நடைபெற்ற நாள். இரண்டுக்கும் இடையே நீங்களாகத் தொடர்பு கற்பிக்க வேண்டாம். டிசெம்பர் 5இலும் அப்படியே: நாவலரின் மறைவும், 1995இல் அரச படைகள் யாழ்ப்பாணத்தில் தேசியக் கொடியை ஏற்றியதும் ஒரே திகதியில் விழுந்திருப்பது தற்செயல். ஒவ்வொன்றையும் தனித்தனியே, அதனதன் ஆண்டோடு எழுதி விடுங்கள்.

போரும் இழப்பும் பக்கங்களை நிரப்பிவிடும் என்பதால், மற்றவற்றைத் தேடிச் சேர்ப்பதும் தொகுப்பவரின் கடமை. செப்டெம்பர் 12 வந்தால், 1832இல் அந்நாளில் பிறந்து, பழந்தமிழ் நூல்களைச் சுவடியிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த சி. வை. தாமோதரம்பிள்ளையை எழுதுங்கள். மே 28இல், தமிழில் மேலை மருத்துவத்தைக் கற்பித்து நூல்களையும் ஆக்கிய மருத்துவர் சாமுவேல் கிறீனின் 1884ஆம் ஆண்டு மறைவை எழுதுங்கள். ஒக்டோபர் 11இல், 1959இல் பொது நூலகத்தின் புதிய கட்டடம் திறக்கப்பட்டதை எழுதுங்கள். எரிந்த நாளை அறிந்த பிள்ளைகள் திறந்த நாளையும் அறிந்திருக்க வேண்டும். ஒன்றும் கிடைக்காத நாள்களில் பக்கத்தை வெறுமையாக விடலாம். வெறுமையை நிரப்புவதற்காக உறுதியில்லாத செய்தியைச் சேர்ப்பதைவிட, ஊரவர் எவருக்காவது அந்த நாளைப் பற்றி ஏதாவது தெரியுமா என்று பலகையில் கேட்டு எழுதுவது நல்லது. சிலர் வீட்டிலிருந்து கல்வெட்டோ படமோ கொண்டுவந்து தருவார்கள்.

திருத்தம் வந்தால் பழைய வரியை அழிக்காமல் ஒரு கோட்டால் வெட்டி, பக்கத்தில் புதிய திகதியையும் அதைத் தந்தவரின் ஆதாரத்தையும் எழுதி, திருத்திய நாளையும் இடுங்கள். அடுத்த ஆண்டு அதே நாளில் கொப்பியைத் திறப்பவர் நீங்களாக இல்லாமல் இருக்கலாம். எது ஏன் மாறியது என்பது அவருக்கு அந்தப் பக்கத்திலேயே தெரிய வேண்டும்.